திறமையா, தேவையா? என்.எஃப்.எல். டிராஃப்ட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதக் கடைசியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. மூன்று நாள் நடக்கும் அந்த டிராஃப்டிலும், அதற்கு முந்தைய மூன்று மாதங்களிலும் ரசிகர்கள் அலுக்காமல் வாதிடும் கேள்வி ஒன்று உண்டு. மிச்சமிருப்பவர்களில் மிகத் திறமையானவரை எடுப்பதா, அல்லது அணியில் ஓட்டையாகக் கிடக்கும் இடத்தை அடைப்பதா? அதையொட்டி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் போன்றதா?

இல்லை. ஏலத்தில் ஒரே வீரருக்கு நான்கு அணிகள் கை தூக்கலாம். விலையை ஏற்றிக்கொண்டே போகக்கூடியவர் அவரைக் கொண்டுபோவார். டிராஃப்டில் விலை பேசவே இடமில்லை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போலை வென்ற அணி 32ஆவதாகத் தேர்ந்தெடுக்கும். இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். தன் முறை வரும்போது, அதுவரை யாரும் எடுக்காதவர்களில் யாரை வேண்டுமானாலும் ஓர் அணி எடுத்துக்கொள்ளலாம். முறையை இன்னோர் அணியுடன் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அதற்கு ஈடாகப் பெறுவது பணமாக இராது, வேறு முறைகளாகவோ வீரர்களாகவோ இருக்கும்.

இந்த ஏற்பாடு 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை அது. முதல் டிராஃப்டின் முதல் தேர்வான ஜே பெர்வேங்கர் என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இதில் சச்சரவு எங்கிருந்து வருகிறது? சிறந்தவரை எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

ஒரே ஆட்டக்காரர் எல்லா இடத்திலும் ஆட முடியாத விளையாட்டு இது. பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கை எதிரணியின் பாய்ச்சலிலிருந்து காப்பாற்றும் லெஃப்ட் டேக்கிள் 140 கிலோ எடைக்கு மேல் இருப்பார்; ஓடிப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் அவருடைய எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் இருப்பார். ஒருவர் இடத்தில் மற்றவரை நிறுத்தவே முடியாது. தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு வேறு 11 பேர், உதைப்பதற்குத் தனி ஆட்கள் என்று 53 பேர் கொண்ட அணியில் ஏதாவது ஓர் இடம் எப்போதும் பலவீனமாகவே இருக்கும். ஆகவே, உங்கள் முறை வரும்போது எஞ்சியிருப்பவர்களில் மிகச் சிறந்தவர், உங்களிடம் ஏற்கெனவே நல்ல ஆள் இருக்கும் இடத்துக்குரியவராக அமைந்துவிட்டால், அவரை எடுத்துப் பெஞ்சில் உட்கார வைப்பதா, அல்லது திறமையில் ஒரு படி இறங்கி ஓட்டையை அடைப்பதா என்ற இக்கட்டு வந்துவிடுகிறது.

அணிகள் யார் சிறந்தவர் என்பதை எப்படி முடிவு செய்கின்றன?

ஒவ்வோர் அணியும் "போர்டு" என்று அழைக்கப்படும் தரவரிசை ஒன்றைத் தயாரிக்கிறது. சாரணர்கள், அதாவது ஸ்கவுட்டுகள், ஆண்டு முழுவதும் கல்லூரி கல்லூரியாகச் சென்று எழுதிய அறிக்கைகள், பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடற்திறன் சோதனைகள், மருத்துவர்கள் தரும் முடிவுகள், நேர்காணல்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. அந்தப் பெயர்கள் ஒரு சுவரில் இரண்டு விதமாக அடுக்கப்படுகின்றன: நெடுக்குவாட்டில் இடம் வாரியாக, குறுக்குவாட்டில் தரம் வாரியாக.

குறுக்குவாட்டில் அடுக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். ஒரே வரிசையில் ஒரு டேக்கிள், ஒரு கார்னர்பேக், ஒரு ரிசீவர் என மூவர் பெயர் இருந்தால், அந்த மூவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அந்த அணியாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் பொருள். அங்கே தேவையைப் பார்த்து ஒருவரை எடுப்பதில் எந்தப் பிழையும் இல்லை. பிழை வருவது, இரண்டு வரிசை கீழே இறங்கி எடுக்கும்போது. அப்படி இறங்கி எடுப்பதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் சொல் "ரீச்", அதாவது எட்டாத இடத்துக்கு எட்டிப் பறிப்பது.

ஆகவே, திறமைக்கும் தேவைக்கும் நடுவே ரசிகர்கள் காண்கிற பெரிய மதில், அணியின் அறைக்குள் போனால் பெரும்பாலும் இருப்பதில்லை. வரிசையைத் திறமை தீர்மானிக்கும். வரிசைக்குள் தேவை தீர்மானிக்கும். இந்த எளிய ஒழுங்கை முறை வந்த நேரத்துப் பதற்றத்தில் காப்பாற்றுவதுதான் கடினம்.

திறமையை நம்பி எடுத்ததற்குச் சிறந்த உதாரணம் எது?

என் கணக்கில் 1996ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ்தான். கிளீவ்லாந்திலிருந்து அப்போதுதான் இடம்பெயர்ந்து வந்திருந்த அந்த அணிக்கு அதுவே முதல் டிராஃப்ட். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓஸி நியூஸமிடம் இருந்தது. அணிக்குப் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஒருவர் தேவைப்பட்டார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பிலிப்ஸ், கல்லூரி நாளிலேயே வழக்கில் சிக்கியிருந்தாலும், அந்த ஆண்டின் மிகப் பேசப்பட்ட ரன்னிங் பேக். அவரை எடுக்க வேண்டும் என்ற விருப்பம் உரிமையாளர் ஆர்ட் மோடெல் வரை இருந்தது. 4ஆவது முறை வந்தபோது நியூஸமின் போர்டில் மேலே இருந்த பெயரோ ஜானத்தன் ஆக்டன் என்ற டேக்கிள். ரேவன்ஸிடம் டோனி ஜோன்ஸ் என்ற நல்ல லெஃப்ட் டேக்கிள் ஏற்கெனவே இருந்தார். அதாவது, அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர்களுக்கு ஆள் தேவையில்லை.

நியூஸம் ஆக்டனையே எடுத்தார். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள அந்த மனிதரை முதல் ஆண்டு, டேக்கிளுக்குப் பக்கத்திலுள்ள கார்டு இடத்தில் ஆட வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜோன்ஸை டென்வருக்கு அனுப்பிவிட்டு, லெஃப்ட் டேக்கிளாக நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி, அதில் பதினோரு முறை, ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான புரோ போலுக்குத் தேர்வானார் ஆக்டன். அதே முதல் சுற்றின் 26ஆவது தேர்வில் ரேவன்ஸ் எடுத்தவர் தற்காப்பில் ஆடும் லைன்பேக்கர் ரே லூயிஸ். ஐந்தாவது பருவத்தின் முடிவில், 2001 ஜனவரியில், அந்த அணி சூப்பர் போல் வென்றது. இருவரும் இன்று, ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

இந்தக் கதையின் மறுபக்கம் இன்னும் சுவையானது. பிலிப்ஸை 6ஆவது தேர்வில் எடுத்தது செயின்ட் லூயிஸ் ராம்ஸ். அவருக்கு இடம் செய்வதற்காக, தம்மிடம் இருந்த ஜெரோம் பெட்டிஸ் என்ற ரன்னிங் பேக்கை டிராஃப்ட் நடந்த அதே வேளையில் பிட்ஸ்பர்குக்கு அனுப்பிவிட்டார்கள். பிலிப்ஸை அடுத்த ஆண்டு நவம்பரிலேயே அணியைவிட்டு நீக்க வேண்டி வந்தது; பெட்டிஸ் பிட்ஸ்பர்கில் பத்து ஆண்டுகள் ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இல்லாத தேவையை உண்டாக்கிக்கொண்டு அதை நிரப்பப் போய், கையில் இருந்ததையும் இழந்த கதை இது.

ஏற்கெனவே பெரிய நட்சத்திரம் உள்ள இடத்துக்கே இன்னொருவரை எடுப்பது வீண் அல்லவா?

2005இல் கிரீன் பே பேக்கர்ஸ் செய்தது அதுதான். அவர்களின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்கு அப்போது 35 வயது; 1992 முதல் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். முதல் தேர்விலேயே போகக்கூடியவர் என்று பேசப்பட்ட ஆரன் ராட்ஜர்ஸ், நியூயார்க் அரங்கில் கேமராக்களின் முன்னால் மணிக்கணக்கில் பெயர் அழைக்கப்படாமல் காத்திருந்தார். 24ஆவது முறையில் புதிய ஜெனரல் மேனேஜர் டெட் தாம்சன் அவரை எடுத்தார். ராட்ஜர்ஸ் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் இருந்தார். 2008இல் ஃபாவ்ர் போன பிறகு பொறுப்பேற்று, 2010 பருவத்தின் சூப்பர் போலை வென்று கொடுத்தார். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை நான்கு முறை பெற்றார்.

தாம்சன் எடுத்தது இன்றைய தேவையை நிரப்பும் ஆளை அல்ல. ஆனால் 35 வயதுக் குவார்ட்டர்பேக் உள்ள அணிக்கு மூன்றாண்டு கழித்து யார் தேவைப்படுவார் என்று கேட்டால் பதில் வெளிப்படை. தேவை என்ற சொல்லை வரும் செப்டம்பரோடு நிறுத்திக்கொள்வதா, நான்கு ஆண்டுக்கு நீட்டிப் பார்ப்பதா என்பதில்தான் பாதி வாதம் அடங்கியிருக்கிறது. டிராஃப்டில் வருபவரின் முதல் ஒப்பந்தமே நான்கு ஆண்டு. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரென்றால் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, ஓராண்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேவையைப் பார்ப்பது குறுகிய பார்வை.

அதே அணி 2020இல் அதே காரியத்தை மறுபடி செய்தது. ராட்ஜர்ஸ் இருக்கும்போதே, முறை மாற்றி மேலே வந்து 26ஆவது தேர்வில் ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. இறுதிக்கு ஒரு படி முன்னால் தோற்றிருந்த அந்த அணிக்கு ஒரு ரிசீவர் வேண்டும் என்று அதன் மாநிலமான விஸ்கான்ஸினே கூவிக்கொண்டிருந்தது; அந்த டிராஃப்ட் முழுவதும் ஒரு ரிசீவரைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. ராட்ஜர்ஸ் அடுத்த இரண்டு ஆண்டும் விருது வாங்கினார், கோப்பை வரவில்லை. லவ் 2023இல் பொறுப்பேற்று, அந்த ஆண்டே, பருவத்துக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்றுகளான பிளேஆஃபில் டாலஸைத் தோற்கடித்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நல்ல ரிசீவர் கூடுதலாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஆதங்கம் கிரீன் பே ரசிகர்களுக்கு நியாயமானதே.

தேவைக்காக எடுத்து ஏமாந்ததற்கு உதாரணம்?

2011ஆம் ஆண்டின் 8, 10, 12ஆவது தேர்வுகள். டென்னஸி ஜேக் லாக்கரையும், ஜாக்சன்வில் ஆறு இடம் மேலேறி வந்து பிளெய்ன் கேபர்ட்டையும், மினசோட்டா கிறிஸ்டியன் பாண்டரையும் எடுத்தன. மூவரும் குவார்ட்டர்பேக்குகள், மூன்று அணிகளுக்கும் குவார்ட்டர்பேக் இல்லை. மூவரில் ஒருவரும் அந்த அணிக்கு நிலையான விடையாக அமையவில்லை. நான்கு ஆண்டு முடிந்ததும் லாக்கர் ஆட்டத்தையே விட்டுவிட்டார். இந்த மூன்று பெயர்களுக்கு இடையே, 9ஆவதாக டாலஸ் எடுத்த டைரன் ஸ்மித் பல ஆண்டுகள் முன்னணி டேக்கிளாக விளங்கினார். 11ஆவதாக ஹூஸ்டன் எடுத்த ஜே.ஜே. வாட் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வென்றார்.

அந்த ஆண்டு ஏன் அவ்வளவு பதற்றம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே ஒப்பந்தம் முறிந்து, லீக் கதவடைப்பில் இருந்த நேரம் அது. வழக்கமாக மார்ச்சில் நடக்கும் ஃப்ரீ ஏஜென்ஸி, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்களைச் சம்பளம் பேசிச் சேர்க்கும் சந்தை, அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. அனுபவமுள்ள ஒரு குவார்ட்டர்பேக்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக டிராஃப்டுக்கு வர யாராலும் முடியவில்லை. பசியோடு சந்தைக்குப் போனால் கூடையில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு சின்சினாட்டி பெங்கால்ஸுக்கும் குவார்ட்டர்பேக் இல்லை. இருந்த கார்ஸன் பாமர் இனி அங்கே ஆடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர்கள் 4ஆவது தேர்வில் ரிசீவர் ஏ.ஜே. கிரீனை எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில், 35ஆவதாக, ஆண்டி டால்டனை எடுத்தார்கள். அடுத்த ஐந்து பருவமும் அந்த அணி பிளேஆஃபுக்குப் போனது. போன ஐந்து முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் அந்த மூன்று அணிகளின் நிலையோடு ஒப்பிட்டால் அது செல்வச் செழிப்பு.

திறமையை மட்டும் பார்த்துக் கெட்டவர்களும் உண்டா?

உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் 2003இல் சார்ல்ஸ் ராஜர்ஸ், 2004இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் மைக் வில்லியம்ஸ் என்று தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் சுற்றில் ரிசீவர்களையே எடுத்தது. மூன்றாமவர் 10ஆவது தேர்வு. 11ஆவதாக டாலஸ் எடுத்தவர், குவார்ட்டர்பேக்குகளை விரட்டுவதில் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் வரை போன டிமார்கஸ் வேர். 2007இல் நான்காவதாகவும் ஒரு ரிசீவரை எடுத்தார்கள். அவர் கால்வின் ஜான்சன். ஒப்பற்ற ஆட்டக்காரர், அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அவர் ஆடிய இரண்டாம் பருவமான 2008இல் அந்த அணி 16 ஆட்டத்தில் 16ஐயும் தோற்றது.

டெட்ராய்ட்டின் கோளாறு திறமையை மதித்தது மட்டும் அல்ல என்பேன். முதல் மூவரில் இருவரைப் பற்றிய மதிப்பீடே தவறாகப் போனது. தவறான போர்டை எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றினாலும் பயன் இல்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு: ஒரே இடத்தில் மூன்றாவது ஆள் தரும் கூடுதல் பயன், முதல் ஆள் தருவதில் சிறு பங்குதான். களத்தில் பந்து ஒன்றே ஒன்று.

பெங்கால்ஸ் 2021இல் ஜமார் சேஸை எடுத்தது சரியா? பெனய் ஸீவெலை அல்லவா எடுத்திருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்துக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுவே. நேர்மையாகச் சொன்னால் இரு பக்கமும் இன்னும் வாதிடக்கூடிய கேள்வியும் இதுவே.

பின்னணி இது. 2020இன் முதல் தேர்வான குவார்ட்டர்பேக் ஜோ பரோ, தன் முதல் பருவத்திலேயே, நவம்பரில், முழங்கால் பிய்ந்து விழுந்தார். அவரைக் காக்க வேண்டிய ஆஃபென்சிவ் லைன் சல்லடையாக இருந்தது. 2021இல் பெங்கால்ஸின் 5ஆவது முறை வந்தபோது, ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் பெனய் ஸீவெலும், பரோவுடன் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடிய ரிசீவர் ஜமார் சேஸும் எஞ்சியிருந்தார்கள். குவார்ட்டர்பேக் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருக்கும்போது ரிசீவர் எதற்கு என்று ஊரே கேட்டது. அவர்கள் சேஸை எடுத்தார்கள். ஸீவெல் 7ஆவதாக டெட்ராய்ட்டுக்குப் போனார்.

சேஸ் முதல் ஆண்டிலேயே 1,455 கெஜம் ஈட்டி, பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுனை 13 முறை போட்டு, ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார். அணி சூப்பர் போலுக்கே போய்விட்டது. அந்த வழியில் டென்னஸியுடனான ஆட்டத்தில் பரோவை ஒன்பது முறை தரையில் வீழ்த்தினார்கள். அதையும் மீறி பெங்கால்ஸ் வென்றார்கள். சூப்பர் போலில் ராம்ஸ் அவரை ஏழு முறை வீழ்த்தியது. 23-20 என்று தோற்றார்கள். கடைசி நிமிடத்தில், நான்காவது முயற்சியில், ராம்ஸின் ஆரன் டானல்ட் பரோவைப் பிடித்துச் சுழற்றியபோது பந்து குறி தவறிப் போய் விழுந்த அந்தக் காட்சியை வைத்தே இரு தரப்பும் வாதிடுகின்றன. ஸீவெல் இருந்திருந்தால் அந்தப் பந்து சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்கிறது ஒரு தரப்பு. சேஸ் இல்லாமல் அந்த மைதானத்துக்கே வந்திருக்கமாட்டீர்கள் என்கிறது மற்றது. முதல் தரப்பு ஒன்றை மறந்துவிடுகிறது: டானல்ட் தற்காப்பு வரிசையின் நடுவில் ஆடும் டேக்கிள், ஸீவெல் நின்றிருக்கக்கூடியது ஓரத்தில்.

என் தீர்ப்பு சேஸ் பக்கம். அதற்குக் காரணம் அவர் ஸீவெலைவிடச் சிறந்தவர் என்பது அல்ல. ஸீவெல் பின்னர் டெட்ராய்ட்டில் லீகின் முதல்தர டேக்கிள் ஆகிவிட்டார். இருவரும் ஒரே வரிசையில் இருந்தவர்கள். அப்படியானால் எது மறுபடி கிடைப்பது கடினம் என்று பார்க்க வேண்டும். சுமாரான டேக்கிளையும் கார்டையும் சந்தையில் வாங்கலாம். பெங்கால்ஸ் 2022 மார்ச்சில் மூன்று பேரை அப்படித்தான் வாங்கினார்கள். சேஸ் போன்ற ரிசீவர் சந்தைக்கு வருவதே அரிது. உண்மையில் அவர்கள் தடுக்கி விழுந்த இடம் 5ஆவது தேர்வு அல்ல. லைனைச் சரிசெய்ய இரண்டாம் சுற்றில் எடுத்த ஜாக்சன் கார்மன் அந்த இடத்துக்கு ஆளாகவில்லை. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

குவார்ட்டர்பேக் என்றால் விதி மாறுமா?

மாறும், மாறவும் வேண்டும். அந்த ஓர் இடம் ஆட்டத்தின் முடிவை மற்ற எல்லா இடத்தையும்விடப் பெரிய அளவில் தீர்மானிக்கிறது. ஆகவே போர்டில் மதிப்பெண் போடும்போதே அதற்கு எடை கூட்டித்தான் போடுகிறார்கள். ரன்னிங் பேக்குக்கும் உதைப்பவருக்கும் எடை குறைத்துப் போடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் சிறந்தவர் என்று அணிகள் சொல்வதற்குள்ளேயே இந்த இட மதிப்பு கரைந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

2017இல் கன்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் முந்தைய பருவத்தில் 12 ஆட்டம் வென்ற அணி. அலெக்ஸ் ஸ்மித் என்ற நல்ல குவார்ட்டர்பேக் அவர்களிடம் இருந்தார். ஆனாலும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்கு ஏறி வந்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தார்கள். அவர் ஓராண்டு ஸ்மித்தின் பின்னால் இருந்து கற்றுக்கொண்டார். பிறகு சூப்பர் போல்களை வென்று கொடுத்ததை விளக்க வேண்டியதில்லை. அதே டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ், மார்ச்சில் ஒரு குவார்ட்டர்பேக்குக்குப் பணம் கொடுத்து வாங்கியிருந்தும், 3இலிருந்து 2க்கு ஓர் இடம் ஏறுவதற்காக மூன்று தேர்வுகளைக் கூடுதலாகக் கொடுத்து மிட்சல் ட்ருபிஸ்கியை எடுத்தது. தேவையும் இட மதிப்பும் இரண்டு அணிகளுக்கும் ஒரே பக்கம்தான் தள்ளின. மனிதரை எடைபோட்டதில்தான் வேறுபாடு.

நல்ல குவார்ட்டர்பேக்கைப் பெரும்பணம் கொடுத்து வாங்கிவிட்டு, அடுத்த மாதமே இன்னொருவரை எடுத்தால்?

2024இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அப்படித்தான் செய்தது. மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு 10 கோடி டாலர் உத்தரவாதத்தோடு நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள்; ஏப்ரலில் 8ஆவது தேர்வில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அந்த ஆண்டு முதல் 14 தேர்வுகளுமே தாக்குதல் ஆட்டக்காரர்கள். எனவே 8ஆவது முறை வந்தபோது தற்காப்பில் யாரை வேண்டுமானாலும் அட்லாண்டா எடுத்திருக்கலாம். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்ட ஆளில்லாமல் தவித்த அணி அது. டிசம்பரில் கசின்ஸை உட்கார வைத்துப் பெனிக்ஸை ஆட வைக்க வேண்டி வந்ததைக் காட்டி, பார்த்தீர்களா என்று நிர்வாகத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். எடுத்ததில் எனக்குக் குறை இல்லை. எடுக்கப் போவது தெரிந்திருந்தால் மார்ச்சில் அவ்வளவு பணம் எதற்கு என்பதே என் குறை.

அப்படியானால் தேவையை எங்கே நிரப்புவது?

பெரும்பாலும் மார்ச்சில். கெட்டிக்கார நிர்வாகங்கள் ஃப்ரீ ஏஜென்ஸியில் ஒவ்வோர் ஓட்டைக்கும் சுமாரான, விலை குறைந்த, ஓராண்டு ஒப்பந்த ஆட்களைப் போட்டு மூடிவிட்டு ஏப்ரலுக்கு வருகின்றன. அந்த ஆட்கள் கோப்பையை வென்று தரமாட்டார்கள். ஆனால் முறை வரும்போது யார் கழுத்திலும் கத்தி இல்லாமல் போர்டைப் பார்க்கும் சுதந்திரத்தை வாங்கித் தருகிறார்கள்.

போர்டில் சிறந்தவரும் தேவையும் பொருந்தவே இல்லையென்றால்?

கீழே இறங்கிவிடலாம். அதாவது, உங்கள் முறையை மேலே வர விரும்பும் அணிக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் உள்ள முறையோடு கூடுதலாக ஒன்றிரண்டு தேர்வுகளையும் வாங்கிக்கொள்வது. இதற்கு ஒரு விலைப்பட்டியலே உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கவ்பாய்ஸ் உருவாக்கிய அந்தப் பட்டியலில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, 16ஆவதற்கு 1,000, 32ஆவதற்கு 590. இன்று அணிகள் திருத்திய பட்டியல்களை வைத்திருந்தாலும் பேச்சு அந்த வழியில்தான் நடக்கிறது.

பொருளியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று, அணிகள் மிக மேலான முறைகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டியது. ஒரே இடத்துக்குரிய இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் பின்னால் எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்பது அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு. அவ்வளவு நிச்சயமின்மை இருக்கும்போது, ஒருவருக்காக உயிரைக் கொடுத்து மேலே ஏறுவதைவிடப் பல முறைகளைச் சேர்த்து வைப்பது மேல்.

சம்பள விதிகள் இந்த வாதத்தை மாற்றினவா?

ஓரளவு. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபர்டின் ஒப்பந்தத்தில் உத்தரவாதமே 5 கோடி டாலர். புதுமுகங்களுக்குச் சம்பள வரம்பு வந்த 2011இல், முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு மொத்தமே ஏறத்தாழ 2.2 கோடி டாலர். தவறிப் போனால் அணியே நொடித்துப் போகும் என்ற அச்சம் குறைந்ததால், பெஞ்சில் ஒரு வாரிசை வளர்ப்பது கட்டுப்படியாகும் காரியமாயிற்று.

கடைசிச் சுற்றுகளிலும் இதே விதிதானா?

அங்கே போர்டின் வரிசைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆறாம் ஏழாம் சுற்றுகளில் வித்தியாசம் சொல்வது கடினம். ஆகவே உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்புக் குழுக்களில் ஆடக்கூடியவர், காயத்துக்கு மாற்றாள் என்று தேவையைப் பார்ப்பதே வழக்கம். 2000இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், ட்ரூ பிளெட்சோ இருக்கும்போதே, 199ஆவதாக, பின்னாளில் லீகின் மிகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடியை எடுத்து, நான்காவது குவார்ட்டர்பேக்காக அணியில் வைத்துக்கொண்டது. அப்படி ஒன்று நடந்தது என்பதற்காக அதை ஒரு கொள்கையாக்க முடியாது.

"எங்கள் போர்டில் இவர்தான் மேலே இருந்தார்" என்று எல்லா ஜெனரல் மேனேஜர்களும் சொல்கிறார்களே?

பெண் பார்க்க வந்த வீட்டார் "எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை" என்று சொல்வது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்டை நேரலையில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சுற்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வியாழன் இரவு 8 மணிக்குத் தொடங்குகிறது; இந்தியாவிலும் இலங்கையிலும் அது வெள்ளிக்கிழமை விடிகாலை 5.30. உங்கள் அணியின் முறை வருவதற்கு முன், ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரிசையில், இந்த செப்டம்பரில் ஆளில்லாத இடங்கள். இரண்டாவதில், இன்னும் இரண்டு ஆண்டில் ஒப்பந்தம் முடியும் அல்லது வயதாகும் ஆட்டக்காரர்களின் இடங்கள். மூன்றாவதில், மார்ச்சில் தற்காலிகமாக ஒட்டுப்போட்ட இடங்கள். எடுக்கப்பட்டவரின் இடம் முதல் வரிசையில் மட்டும் இருந்து, அவர் பரவலாக எதிர்பார்க்கப்பட்டதைவிட இருபது இடம் முன்னால் போயிருந்தால் கவலைப்படத் தொடங்கலாம். இரண்டாவது வரிசையில் இருந்தால், தொலைக்காட்சியில் யார் என்ன கத்தினாலும், காபியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அவரைப் பற்றிப் பேச இன்னும் இரண்டு ஆண்டு நேரம் இருக்கிறது.